6 நொடி தூரத்தில் புத்தாண்டு

டிசம்பர் 21

தம்பி அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. புத்தாண்டு இரவில் நகரத்தைச் சுற்றி யாட் என்ற சொகுசுப் படகில் நான்கு மணி நேரம். டிஜே, பஃபே, நள்ளிரவில் "மிக அருகில்" வாணவேடிக்கை. படத்தில் அகலமான மேல்தளம், அதில் மொத்தமே ஆறு பேர். "அக்கா, இன்னைக்குப் போட்டாதான் இந்த விலை" என்று அவன் அவசரப்படுத்த, நான்கு டிக்கெட் போட்டாயிற்று. நிபந்தனைகளை என் வீட்டுக்காரர் மட்டும் உட்கார்ந்து படித்தார். பணம் திரும்பக் கிடைக்காது, பாதை மாறலாம், படகும் மாறலாம். "படகே மாறலாமாம், பார்த்தியா?" என்றார். எல்லாரும் போடுவதுதான் மாமா என்று தம்பி முடித்துவிட்டான்.

டிசம்பர் 30

மின்னஞ்சல் வந்தது. ஏறும் துறை மாறியிருக்கிறது. இரவு 8 மணிக்கு ஏற வேண்டும், 9 மணிக்குக் கிளம்பும். படகைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஜனவரி 1, மதியம்

காலில் இன்னும் வலி இருக்கிறது.

8 மணிக்குப் போய் நின்றோம். ஒரே துறையில் மூன்று படகுகளுக்கு ஒரே வரிசை. எது எந்தப் படகுக்கு என்று கேட்டால், கையில் பட்டியல் வைத்திருந்த பையனுக்கே தெரியவில்லை. ஆற்றுக் காற்றில் நின்று நின்று ஏறும்போது மணி 9:50. படகும் மாறித்தான் இருந்தது. படத்தில் பார்த்தது வெள்ளை வெளேரென்ற யாட். வந்து நின்றது, பகலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் இரண்டடுக்குப் படகு. நாற்காலிகளை எடுத்துவிட்டு விளக்குச் சரம் கட்டியிருந்தார்கள்.

உள்ளே போனால் உட்கார இடமில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் சான்றிதழ் தொங்கியது: பயணிகள் 250 பேர் வரை. அத்தனை பேரும் இருந்தார்கள், சந்தேகமில்லை. கழிவறை இரண்டு. அதில் ஒன்று 11 மணிக்கு அடைத்துக்கொண்டது. பஃபே வரிசை கீழ்த்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மது வாங்கும் வரிசையோடு கலந்துவிட்டது. ஒருவர் அரை மணி நேரம் நின்று முன்னால் வந்தபிறகுதான் அது சாப்பாட்டு வரிசை இல்லை என்று கண்டுபிடித்தார். எங்கள் முறை வந்தபோது தட்டு இருந்தது, உணவு இல்லை. கீழே ஜன்னல் எல்லாம் மூச்சுக்காற்றில் பனித்துப்போய் வெளியே எதுவும் தெரியவில்லை. பின்தளத்தில் நின்றால் டீசல் புகை. தம்பி மனைவிக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. தொலைவில் அசையாத எதையாவது பார்த்தால் குறையும் என்று சொல்லி மேலே கூட்டிப்போனேன். அங்கே தெரிந்ததெல்லாம் முன்னால் நிற்பவர் முதுகுதான்.

டிஜேயைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டத்தில் யாரும் ஆட முடியாது என்று தெரிந்தும் கடைசிவரை உற்சாகமாகவே இருந்தார், பாவம்.

நள்ளிரவு. வாணவேடிக்கை விடும் மிதவையைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் எந்தப் படகும் போக முடியாது. அது நியாயம். ஆனால் அந்த எல்லையில் நல்ல இடம் முன்னதாக வந்த படகுகளுக்குப் போய்விடும். நாங்கள் கிளம்பியதே தாமதம், அதனால் எங்கோ கடைசியில், எங்களைவிட உயரமான ஒரு படகுக்குப் பின்னால் நின்றோம். முதல் வெடி வெடித்ததும் எல்லாரும் வலப்பக்கம் ஓட, படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. கொஞ்சம்தான், ஆனால் மேசையிலிருந்த டம்ளர்கள் நகர்ந்தன. "பாதிப் பேர் இடப்பக்கம் வாங்க, உடனே!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஒழுங்காகச் சொன்னபடி கேட்ட பாதிப் பேர் புத்தாண்டை இருட்டைப் பார்த்து வரவேற்றோம்.

தம்பி மட்டும் வலப்பக்கமே நின்று வீடியோ எடுத்தான். வெளிச்சம் தெரிந்து 6 நொடி கழித்துத்தான் சத்தம் வருகிறது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 நொடி. அப்படியானால் "மிக அருகில்" என்பது 2 கிலோமீட்டர்.

ஜனவரி 3

அந்தச் சாய்வு மனதை விட்டுப் போகவில்லை. தேடிப் படித்தேன். 1915 ஜூலை 24 அன்று சிகாகோ ஆற்றில் ஈஸ்ட்லாண்ட் என்ற கப்பல், ஊழியர் சுற்றுலாவுக்காக 2,500க்கும் மேற்பட்டோர் ஏறியிருக்க, கரையில் கட்டியிருந்தபடியே கவிழ்ந்திருக்கிறது. 844 பேர் இறந்தார்கள். 2005இல் நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரியில் ஈதன் ஆலன் என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20 பேர் இறந்தார்கள். அதன்பிறகு, ஒரு படகில் எத்தனை பயணிகளை ஏற்றலாம் என்று கணக்கிடும்போது ஒருவருக்கு வைக்கும் சராசரி எடையை அமெரிக்கக் கடலோரக் காவல்படை 160 பவுண்டிலிருந்து 185 பவுண்டாக 2011இல் உயர்த்தியது.

இதைப் படித்தபிறகுதான் அந்த 250 எனக்குப் புரிந்தது. அது படகு பாதுகாப்பாகத் தாங்கும் கணக்கு. உட்கார, சாப்பிட, வேடிக்கை பார்க்க இடம் இருக்கிறதா என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. அந்த எண்ணை எடுத்து அப்படியே டிக்கெட் எண்ணிக்கையாக வைத்துக்கொண்டால் சட்டத்தையும் மீறவில்லை, விருந்தும் நாசம். கப்பல் ஓட்டியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, கத்தியாவது எங்களைக் காப்பாற்றினார்கள். டிக்கெட் விற்றவர்கள் மேல்தான்.

புகார் அனுப்பினேன்.

ஜனவரி 7

பதில் வந்தது. "தங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்." அடுத்த புத்தாண்டுப் பயணத்துக்கு 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். என் வீட்டுக்காரர் சத்தம் போட்டுச் சிரித்தார், அதற்காகவாவது நன்றி.

ஜனவரி 8

கார்டு கொடுத்த வங்கியில் முறையீடு செய்தோம். வானிலை, பாதை என்று போனால் நிபந்தனைகளைக் காட்டித் தப்பித்துவிடுவார்கள். அதனால் மூன்றே விஷயம்: விளம்பரப் படமும் வந்த படகின் படமும், ஏறிய நேரம் தெரியும் புகைப்படம், அப்புறம் அந்த 6 நொடி வீடியோ. கூட்டத்தைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றார் அவர். 250க்குள் இருக்கும்வரை அது அவர்கள் பக்கம்தான் பேசும்.

பிப்ரவரி 16

பாதிப் பணம் திரும்பி வந்திருக்கிறது. வேறு படகு அனுப்பியதை ஒத்துக்கொண்டார்களாம். வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பிக்கு அதில்தான் வருத்தம்.