பெரியப்பாவும் டின்னெவெலியும்

ஏழாம் வகுப்பு படிக்கிற மகளுக்கு இங்கிலீஷ் டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். ஏதாவது ஓர் ஊரின் பெயருக்கு ஆங்கிலத்தில் வேறு அர்த்தம் இருந்தால், அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். டீச்சர் காட்டிய உதாரணம் ஷாங்காய். அதை வினைச்சொல்லாக்கினால், ஆளை மயக்கியோ மிரட்டியோ கப்பல் வேலைக்குக் கடத்திக்கொண்டு போவது என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் சாராயக் கடையில் சாய்ந்தவன், கண் விழித்தால் நடுக்கடலில் கிடப்பானாம்.

"மெட்ராஸ்னு எழுதும்மா, கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு அந்தப் பேர்தான்" என்றேன். கள்ளிக்கோட்டையிலிருந்து போன துணிதான் காலிகோ ஆனது என்றும் எடுத்துக் கொடுத்தேன். இதையெல்லாம் வகுப்பே எழுதிக்கொண்டு வரும் என்று தள்ளிவிட்டாள்.

டவுனிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். வரும்போதே அரைக் கிலோ அல்வா. வாழை இலைத் துண்டில் வைத்து, விரலில் வழிந்த நெய்யைச் சட்டையில் படாமல் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏல, எதுக்கு ஊரு ஊரா அலையுதிய? நம்ம ஊரு இல்லையா?"

அப்புறம் வேதசர்மா கதை முழுவதும் வந்தது. சுவாமி நைவேத்தியத்துக்குக் காயப்போட்ட நெல் மழையில் நனையாமல் நெல்லையப்பர் வேலி போட்டுக் காத்ததால் திருநெல்வேலி. மகள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். கதை தமிழ்க் கதை, டீச்சர் கேட்டது இங்கிலீஷ் அர்த்தம்.

"வெள்ளக்காரன் நம்ம ஊர டின்னெவெலின்னுல்லா சொன்னான். டிரெயின் டிக்கெட்டப் பாரு, இன்னைக்கும் டி, ஈ, என்னுதான் ஸ்டேஷனுக்குக் குறி. அந்தப் பேர போன்ல போட்டுப் பாரு, அல்வான்னு வருதா இல்லையான்னு!"

போட்டாள். 'டின்னெவெலி சென்னா' என்று வந்தது.

"தாத்தா, சன்னா மசாலாவா?"

"இருக்கும், இருக்கும்" என்றார் பெரியப்பா, வாய் நிறைய அல்வாவோடு. அடுத்த வரியை அவள் உரக்க வாசித்தாள். காய்ந்த இலை. பேதி மருந்து.

அல்வா பாதி வழியில் நின்றுவிட்டது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நிலாவாரையத்தான சொல்லுதா? எங்க ஐயா வீட்டுல வருசத்துக்கு ரெண்டு தடவ பிள்ளைகளப் பிடிச்சு வச்சுக் குடுப்பாவ. அத்தான்கூட ராத்திரி வெந்நீர்ல ஒரு பொடி கலக்கிக் குடிக்காவல்லா, அதுல என்ன இருக்குன்னு பாரு."

பெரியப்பா தடுப்பதற்குள் மகள் அவருடைய மஞ்சப்பையிலிருந்து டப்பாவை எடுத்துவிட்டாள். எறும்பு சைஸ் எழுத்து. போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். சென்னா இலை, பக்கத்திலேயே காசியா அங்குஸ்டிஃபோலியா என்று அதன் ஜாதகப் பெயர். வேதசர்மாவின் ஊர்க்காரர் பல வருஷமாகத் தினமும் ராத்திரி ஊர்ப் பெயரைத்தான் கலக்கிக் குடித்திருக்கிறார். வேலை செய்ய ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும் என்று போனில் இருந்தது. ஐந்தரைக்கு அவர் கதவைத் தட்டினால் வீட்டில் யாரும் குறுக்கே நிற்காததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

பழைய திருநெல்வேலி ஜில்லாவின் வறண்ட நிலத்தில் விளைந்த இலை, தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறியது. எகிப்து வழியாக வந்ததற்கு அலெக்சாண்டிரியா சென்னா என்று பெயர். நம்முடையதற்கு டின்னெவெலி. தாமிரபரணித் தண்ணீரில் கிண்டியதற்கு டிக்சனரியில் இடமில்லை, காய்ந்த இலைக்கு இருக்கிறது. எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

பெரியப்பா சட்டென்று நிமிர்ந்தார். "கப்பல் எங்கேருந்து போச்சு?"

"தூத்துக்குடி."

"அது 86லயே தனி ஜில்லாவாப் போயாச்சுல்லா? பொறவு எதுக்குல நம்ம பேரு? அவனுவளே வச்சுக்கிடட்டும்!"

மகள் அதற்குள் ஒரு பக்கம் முடித்துவிட்டாள். கடைசி வரி, 'எங்கள் தாத்தா தினமும் இரவு டின்னெவெலி குடிக்கிறார்.' நோட்டை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தடவை வாசித்தார் பெரியப்பா. பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கி, 'எங்கள் தாத்தா' என்பதை மட்டும் அடித்துவிட்டு, மேலே பொடி எழுத்தில் எழுதினார்: 'தூத்துக்குடியில் ஒருவர்'.