ஹைனர் முல்லர் தேர்வுக்கு நான் தயாரான விதம்

ஜெர்மன் இலக்கிய முதுகலையில் வாய்மொழித் தேர்வுக்கு நான் எடுத்த தலைப்பு, கிழக்கு ஜெர்மனியின் நாடகாசிரியர் ஹைனர் முல்லர். 30 நிமிடம், எதிரே இரண்டு பேராசிரியர்கள். இதே தலைப்பை எடுக்கப்போகிற சிலர் எப்படிப் படித்தாய் என்று கேட்டார்கள். அவர்களுக்காக இது.

முதல் மூன்று வாரம் வீணாகப் போனது. 1929-ல் சாக்சனியின் எப்பன்டோர்ஃபில் பிறந்தார், 1995 டிசம்பர் 30-ல் பெர்லினில் இறந்தார் என்று வாழ்க்கையை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மாதிரித் தேர்வு வைத்த சீனியர் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "1951-ல அப்பா, அம்மா, தம்பி மூணு பேரும் மேற்குக்குப் போயிட்டாங்க. இவர் மட்டும் ஏன் போகலை, சொல்லு?" எனக்கு வாயே திறக்கவில்லை.

அன்று இரவு ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு நாடகத்துக்கும் எழுதிய ஆண்டு, மேடையேறிய ஆண்டு, மேடையேறிய ஊர் என்று பிரித்து எழுதினேன். முல்லரைப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 'கட்டுமானம்' 1965-ல் இதழில் அச்சானது, மேடை கண்டது 1980-ல். 'ஃபிலோக்டெட்' 1968-ல் முதலில் நடந்தது மேற்கே, மியூனிக்கில். 1970-ல் எழுதிய 'மவுசர்' 1975-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் அரங்கேறியது. ஒன்பதே பக்கமுள்ள 'ஹேம்லெட் இயந்திரம்' 1977-ல் எழுதப்பட்டது. அதைக் கிழக்கு பெர்லினில் அவரே ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட்டோடு சேர்த்து மேடையேற்றியபோது 1990 மார்ச் ஆகிவிட்டது. பெர்லின் சுவர் அதற்குள் விழுந்திருந்தது. தன் ஜனங்களுக்காக எழுதியதை அந்த ஜனங்களே பார்க்க முடியாமல் போன ஆண்டுகள் எத்தனை என்பதை அந்தத் தாள் கண்முன் காட்டியது. மனசு கனத்துப்போனது.

எல்லா நாடகத்தையும் சமமாகப் படிக்காதீர்கள். இரண்டை ஆழமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்த முதல் நாடகம் 'கூலியைக் குறைப்பவன்'. மனைவி இங்கெயோடு சேர்ந்து எழுதியது, 1958-ல் லைப்சிக்கில் அரங்கேறியது. ஹான்ஸ் கார்பெ என்ற உண்மையான கொத்தனாரின் கதை அடிப்படை. ஆலையில் அறை அறையாகப் பிரிந்த வட்டச் சூளையைப் பழுதுபார்க்க முழுவதும் அணைத்தால் உற்பத்தி நின்றுவிடும். அதனால் பக்கத்து அறைகளில் தீ எரிந்துகொண்டிருக்க, ஒரு அறையை மட்டும் அணைத்து, உள்ளே போய்ச் சுடச்சுடச் செங்கல் அடுக்குகிறார்கள். ஒருவன் அப்படி வேகமாக வேலை செய்தால் மற்ற எல்லோருக்கும் வேலையளவு உயரும், கூலி இறங்கும். அதனால்தான் சக தொழிலாளர்கள் அவனை அடிக்கிறார்கள். நாடகத்தில் அவன் பெயர் பால்க்கே. நாஜிக் காலத்தில் அவன் காட்டிக்கொடுத்த ஷோர்ன்தான் இப்போது ஆலையின் கட்சிச் செயலாளர்! கடைசிக் காட்சியில் பால்க்கே, தன்னை அடித்த கராஸிடமே போய் உதவி கேட்கிறான். நட்புக்காக இல்லை; ஆள் இல்லாமல் சூளை முடியாது. இந்தக் காட்சியை வாய்விட்டுப் படியுங்கள். யாரும் நல்லவராகக் காட்டப்படவில்லை, ஆனாலும் வேலை நடந்தாக வேண்டும் என்கிற இறுக்கம் அப்போதுதான் காதில் விழும்.

இரண்டாவது, 'இடம்பெயர்ந்து வந்தவள்'. போருக்குப் பிந்தைய நிலப் பங்கீட்டிலிருந்து கூட்டுப்பண்ணை வரை கிராமம் படும் பாடு. இதற்குத் தேதிதான் முக்கியம்: சுவர் எழும்பியது 1961 ஆகஸ்ட் 13, அரங்கேற்றம் செப்டம்பர் 30. கார்ல்ஸ்ஹோர்ஸ்டில் பொருளியல் கல்லூரி மாணவர்கள் நடித்தார்கள். ஒரே நாளில் தடை. நடித்த மாணவர்களையே நாடகத்தைக் கண்டிக்க வைத்தார்கள். இயக்குநர் டிராகலேனைப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். முல்லரை எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். புகழ்பெற்ற நாடகாசிரியர் பிரெக்டின் மனைவி ஹெலெனெ வைகல், பிரெக்டின் கோபுர அறையிலேயே அவரை உட்காரவைத்து, எதையும் விளக்காதே, எதற்கும் நியாயம் சொல்லாதே என்று அறிவுரை சொல்லி சுயவிமர்சனம் எழுதவைத்ததை, முல்லர் 1992-ல் வெளிவந்த தன்வரலாற்றில் சொல்கிறார். அந்தப் பகுதியை மூலத்திலேயே படித்துவிடுங்கள். நாடகம் 'விவசாயிகள்' என்ற பெயரில் கிழக்கு ஜெர்மனியில் மறுபடி மேடையேற 1976 ஆனது.

அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். முல்லர் 1958-ல் எழுதிய 'அப்பா' என்ற சின்ன உரைநடையைப் படிக்காமல் தேர்வுக்குப் போகாதீர்கள். 1933 தொடக்கத்தில் சமூக ஜனநாயகக் கட்சிக்காரரான அப்பாவைப் பிடித்துப்போக நாஜி ஆட்கள் வருகிறார்கள். அப்பா கதவருகே நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நான்கு வயதுப் பையன் தூங்குவதுபோல அசையாமல் கிடக்கிறான். அப்பாவை வதைமுகாமுக்குக் கொண்டுபோனவர்களை எதிர்த்து எழுந்த நாடு என்று அவர் நம்பிய இடம் கிழக்கு. அந்த நாட்டின் முரண்பாடுகள்தான் அவருக்கு எழுதும் பொருளும். நான் தேர்வில் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். எதிர்ப்பாளர், ஆதரவாளர் என்று ஒரே சொல்லில் அடைக்கப் பார்த்தால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையோடு அவருக்குத் தொடர்பு இருந்தது 1993-ல் வெளிவந்ததையும் மறைக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எனக்கு வந்த கடைசிக் கேள்வி, அரசு அவரை எப்போது ஏற்றுக்கொண்டது என்பது. தாளின் ஓரத்தில் குறித்து வைத்திருந்த இரண்டு ஆண்டுகள் கைகொடுத்தன. கிழக்கு ஜெர்மனி தன் தேசியப் பரிசை அவருக்குக் கொடுத்தது 1986-ல். எழுத்தாளர் சங்கம் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது 1988-ல்.