வெள்ளை பூசாத மேகம்

இன்று காலை நீர்வண்ணத்தில் மேகம் வரைந்தேன். தாளை நனைத்து, அல்ட்ராமரைன் நீலம் தோய்ந்த தூரிகையை வைத்ததும் நிறம் தானாகவே ஓடியது. மேகத்துக்கென்று வெள்ளை பூசவில்லை. நீலம் படாமல் விட்ட தாள்தான் மேகம். காய்ந்ததும் நீலம் ஒரு படி வெளுத்து, தாளின் நுண்குழிகளில் நிறத்துகள்கள் மணல்போலத் தங்கியிருந்தன. அந்தச் சொரசொரப்புக்காகவே இந்த நீலம் எனக்கு உயிர்!

இங்கிலாந்தின் ஓவியர் டர்னர் 1818இல் ஒரு போர்க்கப்பலை ஒரே காலைப்பொழுதில் நீர்வண்ணத்தில் வரைந்து முடித்தார். தாள் ஊறும்வரை வண்ணத்தை ஊற்றி, பிறகு சுரண்டியும் தேய்த்தும் உருவத்தை வரவழைத்தாராம். எவ்வளவு துணிச்சல்!

இரண்டாவது மேகம் பாதி காய்ந்திருக்கும்போதே ஈரத் தூரிகையை வைத்துவிட்டேன். காலிஃபிளவர் போல ஒரு கறை விரிந்தது. அழிக்க மனம் வரவில்லை. மழைமேகமாக அப்படியே இருக்கிறது.