மேஜைக்கு அடியில் ஒரு அம்மா

2020-ல் பள்ளிகளை மூடியபோது என் மகனுக்கு ஐந்தரை வயது. உலகம் முழுக்க 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் பாதிக்கப்பட்டதாக ஐ.நா. கணக்குச் சொன்னது. அந்த 160 கோடியில் ஒன்று எங்கள் வீட்டில், மேலே சீருடைச் சட்டை, கீழே வெறும் ஜட்டியோடு போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

வகுப்பு அவனுக்கு, பரீட்சை எனக்கு என்பது முதல் வாரமே புரிந்துவிட்டது. மிஸ் வாயைத் திறந்தாலே என் வயிற்றில்தான் புளி கரைக்கும். கேமராவில் படாமல் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு விடையைக் கிசுகிசுப்பேன். ஒரு நாள், மூன்றும் நான்கும் எத்தனை என்று மிஸ் கேட்டார். "ஏழு... ஏழு..." என்று அவன் முழங்காலைத் தட்டினேன். பையன் குனிந்து பார்த்து, "சத்தமாச் சொல்லும்மா, கேக்கல" என்றான். மைக் திறந்தே இருந்தது.

"அம்மா, நீங்க வெளியில வந்துடுங்க. அவனே சொல்லட்டும்" என்றார் மிஸ், ரொம்பத் தன்மையாக. எழுந்த வேகத்தில் தலை மேஜையில் இடித்த 'டொம்', வகுப்பில் இருந்த எல்லா வீட்டிலும் கேட்டிருக்கும்.

அவனோ மிஸ்ஸைப் பார்த்ததே இல்லை. திரையின் மூலையில் தெரிந்த தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆடுகிற பல்லை நாக்கால் முன்னும் பின்னும் தள்ளி, அது போனில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதிலேயே பாதி வகுப்பு ஓடும். ஓயாமல் தன் முகத்தையே பார்ப்பதும், நகராமல் உட்கார்ந்திருப்பதும் வீடியோ சந்திப்புகளில் ஆளைக் களைப்பாக்கும் என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் 2021-ல் எழுதினார். பெரியவர்களுக்கே அப்படி. இவனுக்கோ அப்போது பல்லும் ஆடிக்கொண்டிருந்தது.

சிரிப்பு எல்லா நேரமும் வரவில்லை. எப்போதோ விட்ட விரல் சூப்பும் பழக்கம் திரும்பி வந்தது. படுக்கையும் நனைந்தது. நான் குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே, "இருக்கியாம்மா?" என்று குரல் வரும். பயமும் குழப்பமும் வந்தால் சின்னப் பிள்ளைகள் இப்படிச் சில படிகள் கீழே இறங்கிவிடுவது உண்டு, திட்டாதீர்கள் என்றார் மருத்துவர். சரி, திட்டவில்லை. நான் எத்தனை படி இறங்கியிருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. பென்சிலை ஒளித்து வைத்தது யார் என்று ஐந்தரை வயதுப் பிள்ளையோடு சரிக்குச் சரி சண்டை போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுத ஆள் நான்.

அந்த ஓராண்டில் அவன் உருப்படியாகக் கற்றது ஒரே வித்தை. தெரியாத கேள்வி வந்தால் வாயைப் பாதி திறந்தபடி, இமைக்காமல், அப்படியே உறைந்துவிடுவான். "நெட் ஸ்டக் ஆயிடுச்சு போல" என்று மிஸ் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். காற்றாடியில் அவன் தலைமுடி பறப்பதைப் பாவம் அவர் கவனிக்கவில்லை. அப்புறம் வீட்டிலும் அதுதான். "ஷூவை எங்கேடா போட்டே?" என்றால் நெட் போய்விடும். பக்கத்து அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த என் கணவரும் ஒரு நாள் வாயைத் திறந்து அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். யாரிடம் கற்றார் என்று கேட்கவில்லை.

ஒருவழியாகப் பள்ளி திறந்தது. வாசலில் என் துப்பட்டாவைப் பிடித்தவன், விரல் விரலாகப் பிரித்த பிறகுதான் விட்டான். வீட்டுக்கு வந்தேன். முதல் வகுப்பு நேரத்துக்குக் கால் தானாக மேஜைப் பக்கம் போனது.

இரண்டு வாரம் கழித்து மிஸ் கூப்பிட்டனுப்பினார்.

"நல்ல பையன்தான். ஆனா கேள்வி கேட்டா வாயைத் திறந்துகிட்டு சிலை மாதிரி நிக்கிறான். நான் அடுத்த பிள்ளைகிட்டப் போற வரைக்கும் அசையறதில்ல. வீட்டுலயும் இப்படித்தானா?"

நான் வாயைப் பாதி திறந்தேன். இமைக்கவில்லை.