ஊசிக்கு 27 எழுத்து

திருப்பூரில் பனியன் கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் வேலை, அதாவது விதிப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கும் வேலை என்றால் பாதி நாள் ரிஜிஸ்டரோடுதான் போகும். தீயணைப்புப் பயிற்சிக்கு ஒன்று, முதலுதவிக்கு ஒன்று, உடைந்த ஊசிக்கு ஒன்று. இதில் கடைசி ரிஜிஸ்டர்தான் ரொம்பக் கறார். பவர் டேபிளில் ஊசி உடைந்தால் துண்டுகளையெல்லாம் தேடியெடுத்து, டேப் போட்டு நோட்டில் ஒட்டி, தேதியும் மிஷின் நம்பரும் எழுதினால்தான் புது ஊசி கிடைக்கும். நாங்கள் தைப்பது குழந்தைகள் உடுப்பு. ஒரு துண்டு காணாமல் போனால்கூட யாருக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது.

போன வருடம் ஆடிட்டுக்கு வந்தவர் பயிற்சி ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனா மாதிரி இருக்கே?" என்றார். முதலாளிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த வாரமே டேப்லெட் வாங்கியாகிவிட்டது. பயிற்சியை ஆன்லைனில் நடத்தும் பொறுப்பு என் தலையில். கணினி கொஞ்சம் தெரியும் என்று சொன்னது என் தப்பு.

மூடுல் போட்டேன். மார்ட்டின் டூகியாமாஸ் என்ற ஆஸ்திரேலியர் 2002-ல் வெளியிட்ட, ஆன்லைனில் பாடம் நடத்துவதற்கான இலவச மென்பொருள். சர்வர் வாடகை மட்டும்தான் செலவு. பாடத்தை வெளியில் ஒரு நிறுவனத்திடம் செய்யச் சொன்னோம். ஸ்கார்ம் 1.2 பாக்கேஜாகத் தாருங்கள் என்று கேட்டது நான்தான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏடிஎல் திட்டத்தில் ஆன்லைன் பாடங்களுக்காக உருவான தரநிலை அது, 1.2 வந்தது 2001-ல். 2004 என்று அடுத்த பதிப்பும் உண்டு, ஆனால் மூடுல் முறையாகத் தாங்குவது 1.2-ஐத்தான். பழசு என்றாலும் எந்த சிஸ்டத்திலும் ஓடும், நாளைக்கு மூடுலை மாற்றினாலும் பாடம் வீணாகாது என்று முதலாளியிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

பாடம் வந்த முதல் ஜிப் கோப்பு மூடுலில் ஏறவே இல்லை. பாக்கேஜில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட் என்ற கோப்பு ஜிப்பைத் திறந்தவுடன் முதலில் இருக்க வேண்டும். அவர்கள் ஒரு ஃபோல்டருக்குள் போட்டு அனுப்பியிருந்தார்கள். அது பத்து நிமிட வேலை. ஆபீசில் நான்கு பேர் உட்கார்ந்து இருபது கேள்விக்கும் பதில் சொன்னோம். நால்வரும் பாஸ். சரி, வேலை முடிந்தது என்று தையல் ஃப்ளோருக்கு அனுப்பினேன்.

மறுநாள் செக்கிங்கில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் டேப்லெட்டோடு வந்தார். "ஏனுங் தம்பி, இந்தக் கேள்விக்கெல்லாம் நேத்தே பதில் சொல்லிப்போட்டனுங்களே, மறுக்காவும் கேக்குது?" பார்த்தால், 17-ம் கேள்வி வரை போனவரை 13-க்குத் திருப்பியிருக்கிறது. அவர் மட்டுமில்லை, டீ டைமுக்கு எழுந்து போய் வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். ஒரே மூச்சில் முடித்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆபீசில் நாங்கள் நால்வரும் டீயைப் பக்கத்திலேயே வைத்துக் குடித்தவர்கள் அல்லவா, அதனால் எங்களுக்குத் தெரியவே இல்லை.

வைஃபையைத் திட்டினேன், டேப்லெட்டை மாற்றினேன். இரண்டு நாள் வீண். மூன்றாம் நாள் பிழைகளைக் காட்டும் பிரவுசரின் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாகத் தட்டிக்கொண்டே போனேன். 14-ல் சிக்கியது: பிழை எண் 405, தவறான தரவு வகை.

விஷயம் இதுதான். பாதியில் விட்டவர் எங்கே விட்டார் என்று பாக்கேஜ் ஒரு குறிப்பு எழுதி சிஸ்டத்திடம் கொடுத்து வைக்கும். சஸ்பெண்ட் டேட்டா என்று பெயர். ஸ்கார்ம் 1.2-ல் அதற்கு மொத்தம் 4096 எழுத்துதான் இடம். எங்கள் பாக்கேஜ் பதிலின் எண்ணை எழுதாமல், தேர்ந்தெடுத்த பதில் வாக்கியத்தையே எழுதியது. அதையும் இணைய முகவரியில் தமிழ் வந்தால் சதவீதக் குறியாக மாறுமே, அந்த முறையில் மாற்றி எழுதியது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 9 எழுத்தாக ஊதிப்போகும். ‘நீடில்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் 6 எழுத்து, அப்படியே 6. ‘ஊசி’ என்பது ஊ, ச, இகரக் குறி என மூன்று குறியீடு, ஆக 27. கணக்குப் போட்டால் 4096-ல் தமிழுக்கு 455 குறியீடுதான் அடங்கும். 13 பதிலில் அது நிரம்பிவிட்டது. அதற்குமேல் எழுதியதையெல்லாம் சிஸ்டம் தள்ளிவிட, பழைய குறிப்பே தங்கிவிட்டது. செய்து கொடுத்தவர்கள் ஆங்கில மாதிரியை வைத்துச் சோதித்திருந்தார்கள். அதில் எப்படித் தெரியும்?

மூடுலில் இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஸ்கார்ம் 1.2-ஐ அட்சரம் பிசகாமல் கடைப்பிடி என்ற அமைப்பை நிறுத்தினால், அளவு தாண்டியதையும் சேமித்துக்கொள்ளும். நிறுத்தினேன். அக்கா டீ குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்தில் தொடர்ந்தார். தரநிலை இருந்தால் எங்கேயும் ஓடும் என்று சொன்ன ஆள், தரநிலையை அணைத்துத்தான் பாடத்தை ஓட வைத்தேன். இதை முதலாளியிடம் சொல்லவில்லை.

அப்புறம் இன்னொன்று. ‘முடித்தார்’ என்பதும் ‘தேறினார்’ என்பதும் 1.2-ல் ஒரே பெட்டிக்குள் வருகின்றன, 2004-ல்தான் தனித்தனி. பாடத்தைக் கடைசிப் பக்கம் வரை தள்ளியவருக்கும் மூடுல் பச்சை டிக் போட்டுக்கொண்டிருந்தது. ஆடிட்டருக்கு வேண்டியது தேறியவர்கள் கணக்கு. மூடுலில் நிறைவு நிபந்தனையை ‘தேர்ச்சி’ மட்டும் என்று மாற்றி, பாக்கேஜிலும் 80 சதவீதத்துக்குக் கீழே ‘முடித்தார்’ என்று எழுதக் கூடாது என்று சொன்னேன். அன்றைக்குப் பதினோரு பேரின் டிக் மறைந்தது. அதில் ஒருவர் லைன் சூப்பர்வைசர். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

சுவிட்ச் தற்காலிகம்தான். பாக்கேஜைத் திருத்தச் சொன்னபோது, "எங்க மத்த கஸ்டமர் யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லைங்களே" என்றார்கள். ‘ஊசி’ 27-ஐக் காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒன்றும் பேசாமல், பதில் வாக்கியத்தை விட்டுவிட்டு அதன் எண்ணை மட்டும் சேமிக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் ஒடியா பாடம் வருகிறது, எங்கள் பவர் டேபிளில் பாதிப் பேர் ஒடிசாக்காரர்கள். ஒடியாவிலும் ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்துதான். அதை ஏற்றுவதற்கு முன்னால் சுவிட்சைத் திரும்பப் போட்டு, 14-ம் கேள்வியில் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும்.