பங்கு கேட்டால் பிறந்த வீடு போய்விடுமா?

கரூர் பக்கம் ஒரு சின்ன ஊரில், ஆவண எழுத்தர் ஒருவரிடம் பத்திரம் டைப் செய்யும் வேலை எனக்கு. கிரயம், அடமானம், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று எது வந்தாலும் நான்தான் அடித்தாக வேண்டும். விடுதலைப் பத்திரம் அடிக்கிற நாளில் மட்டும் எனக்கு மனசு சரியாக இருப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சொத்தில் பங்குள்ளவர், தன் பங்கை அதே சொத்தில் பங்குள்ள இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது விடுதலைப் பத்திரம். அண்ணன் தங்கைக்கும் எழுதலாம், தங்கை அண்ணனுக்கும் எழுதலாம். ஆனால் எங்கள் மேசைக்கு வருகிறவற்றில் எழுதிக்கொடுப்பவர் அக்காவோ தங்கையோ; எழுதி வாங்குபவர் அண்ணனோ தம்பியோ. மாறி வருவது மிக அபூர்வம்.

முகூர்த்த நாளில் பார்க்க வேண்டும். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் முதல் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆதார் அட்டை, போட்டோ எல்லாம் அண்ணன் கையில்தான் இருக்கும். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறவர்கள் குறைவு. டோக்கன் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கைரேகை வைப்பார்கள். களை வெட்டியும் பாத்திரம் தேய்த்தும் விரல் ரேகை மழுங்கியிருக்கும், மெஷின் எடுக்காது. முந்தானையில் துடைத்துத் துடைத்துத் திரும்ப வைப்பார்கள். அந்த விரல் உழைத்தது பெரும்பாலும் அந்த நிலத்தில்தான் இருக்கும். கல்யாணம் ஆகிப் போகும்வரை அதே காட்டில் கடலைக்காய் பறித்தவர்கள் அவர்கள்.

ஒரு பெண்ணுடைய பங்கு, பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கிற வழிகாட்டி மதிப்பிலேயே 18 லட்சம் வந்தது. சந்தை விலை அதைவிடக் கூட. அவர் கைக்கு வந்தது 50,000 ரூபாயும் ஒரு பட்டுப்புடவையும். அண்ணன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, "உங்களுக்குச் சம்மதம்தானா அம்மணி? விருப்பம் இல்லைன்னா போட வேண்டியதில்லை" என்று கேட்டேன். அவர் சொன்னது: "போடலைன்னா அப்புறம் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியாதுங்க்கா. அடுத்த வருசம் பொண்ணுக்கு காது குத்தணும். தாய்மாமன் மடி வேணுமில்லீங்களா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நம் ஊரில் தாய்மாமன் இல்லாமல் காதுகுத்து இல்லை, பெண் பெரியவளானால் சீர் இல்லை. அதைவிட முக்கியமாக, நாளைக்குப் புருஷன் வீட்டில் ஒன்று ஆகிவிட்டால் திரும்பிப் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலுக்கான விலையாகத்தான் அவர்கள் தங்கள் பங்கைக் கொடுக்கிறார்கள். பத்திரத்தில் "பிறர் தூண்டுதல் இல்லாமல், மனப்பூர்வமாக" என்று நான்தான் அடிக்கிறேன். எங்கள் பக்கத்து எல்லாப் பத்திரத்திலும் இருக்கிற வரி அது.

இப்போது இன்னொரு பக்கம். இரண்டு அண்ணன் தம்பி, நாலடி வண்டித்தடத்துக்காக வருடக்கணக்கில் கேஸ் நடத்தினார்கள். பெற்ற அம்மா சாவுக்கே தனித்தனியாக வந்து தனித்தனியாகப் போனார்கள். ஊரில் ஒருவர்கூட அவர்களைக் குடும்பத்தைக் கெடுத்தவர்கள் என்று சொல்லவில்லை. "அவனவன் உரிமைக்கு அவனவன் நிக்கிறான்" என்றார்கள். அதே வருடம் பக்கத்துத் தெருவில் ஒரு பெண், புருஷன் இறந்து இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றவள், அப்பா விட்டுப்போன நிலத்தில் தன் பங்கைக் கேட்டாள். அதே வாய்கள் அவளைப் பேராசைக்காரி என்றன. கூடப் பிறந்தவன் வயிற்றில் அடிக்கிறாள் என்றன. மகன் தன் பங்கைக் கேட்கவே வேண்டியதில்லை, அது தானாக வந்துவிடும். மகள் வாய் திறந்தாலே குற்றம். என்னால் இதை இயல்பென்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சட்டம் இந்த இடத்துக்கு வரவே எத்தனை காலம் ஆகியிருக்கிறது பாருங்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கும் ஆணைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பா தானாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் போய்விட்டால் மகன், மகள், மனைவி, அவருடைய அம்மா எல்லோருக்கும் சம பங்கு. ஆக, சுயசம்பாத்தியத்தில் மகளுக்குப் பங்கு 1956இலிருந்தே இருக்கிறது. இன்றைக்கும் பட்டதாரிப் பெண்கள்கூட "அப்பா சொந்தமா வாங்கினதுல எனக்கு ஏதுங்க?" என்று கேட்கிறார்கள்.

பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மட்டும் மகனுக்கு என்று இருந்தது. 1989இல் தமிழ்நாட்டில் அதை மாற்றி மகளுக்கும் கொடுத்தார்கள். அதிலும் ஒரு வரம்பு: அந்த வருடம் மார்ச் 25க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்து, 87இல் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு இல்லை, 90இல் கட்டிக்கொடுத்த தங்கைக்கு உண்டு. மகனுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்று யாரும் கேட்கவில்லை. 2005இல் மத்திய சட்டத்தையே திருத்திய பிறகு அந்தத் தடை போனது. அப்பா விட்டுப்போன குடும்ப வீட்டை ஆண்கள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும்வரை மகள் பாகம் கேட்கக் கூடாது என்று 23ஆம் பிரிவு ஒன்று இருந்தது, அதையும் அப்போதுதான் எடுத்தார்கள். 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், 2005 திருத்தத்துக்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் மகளின் பிறப்புரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடித்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது.

இவ்வளவும் வந்த பிறகு, ஒரு முகூர்த்த நாள் காலையில் ஒரு விடுதலைப் பத்திரத்தால் எல்லாம் திரும்பிப் போய்விடுகிறது.

அண்ணன்மார்கள் சொல்வதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அதில் நியாயமும் இருக்கிறது. "அவளுக்கு 40 பவுன் போட்டோம், கல்யாணக் கடனை நான்தானே கட்டினேன்" என்பார்கள். கட்டியிருப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். மழை பொய்த்த வருடங்களில் போர் போட்டு, தண்ணீர் வராமல், மறுபடி போட்டு அந்த நிலத்தைக் காப்பாற்றியவன் ஊரிலேயே இருந்துவிட்ட பிள்ளைதான். அவன் உழைப்பையும் கடனையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். எடுக்க முடியும். பாகப்பிரிவினையில் அவனுக்குக் கூடுதலாக எழுதலாம். கடனைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பிரிக்கலாம். எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்துச் செய்த பாகப்பிரிவினைகளை நானே அடித்திருக்கிறேன், அடிக்கும்போது சந்தோஷமாக இருந்திருக்கிறது. கணக்கே பார்க்காமல் மகளின் பங்கை முழுசாகத் துடைத்துவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்த 40 பவுன் விஷயத்துக்கு வருகிறேன். அது அவள் பங்கு என்கிறார்கள். ஆனால் அது அவளிடம் இருக்கிறதா? புருஷன் தொழிலுக்கு, மாமனார் கடனுக்கு, நாத்தனார் கல்யாணத்துக்கு என்று பேங்கில் அடகு போய், பாதி மூழ்கியிருக்கும். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961இலிருந்து குற்றம். அந்தக் குற்றத்துக்காகச் செலவழித்ததை அவள் பங்கில் கழிப்பது என்ன நியாயம்? சீர் செய்துவிட்டதால் மட்டும் சட்டப்படி பங்கு போய்விடுவதும் இல்லை.

அடுத்து வருவதுதான் பெரிய வாதம். "அப்பா அம்மாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிறது நான்தானே? சம உரிமை கேட்கிறவங்க சமமா கஞ்சி ஊத்தட்டும்." இதை ஆண்கள் கோபத்தோடு சொல்வார்கள், உண்மையிலேயே அப்படி நம்பித்தான் சொல்வார்கள். சட்டம் பெற்றோரைப் பார்க்கும் கடமையை மகனுக்கு மட்டும் வைக்கவில்லை. 2007ஆம் ஆண்டு பராமரிப்புச் சட்டத்தில் மகளும் பேத்தியும் உண்டு. அதற்கு வெகு முன்பே, 1987இல், கல்யாணமான மகளும் அப்பாவைக் காப்பாற்றக் கடமைப்பட்டவள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது கிடக்கட்டும். படுக்கையில் கிடக்கிற மாமியாருக்குத் துணி மாற்றுவது யார்? சர்க்கரைக்கு ஊசி போடுவது, இரவில் எழுப்பிப் பாத்ரூம் கூட்டிப்போவது யார்? மகன் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுவான், வண்டியில் கூட்டிப்போவான். தினப்படி வேலை முழுக்க மருமகள் தலையில். அந்த மருமகள், தன் பிறந்த வீட்டில் தன் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவள். அங்கே அவள் அம்மாவை இன்னொரு வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டிருப்பாள். வேலை செய்தது பெண், பெயர் மகனுக்கு, அந்தப் பெயரைச் சொல்லிப் பங்கும் மகனுக்கு. பெற்றவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கூடுதல் பங்கு என்றால் எனக்கு முழுச் சம்மதம். அப்படியானால் மருமகள் பெயரும் பத்திரத்தில் வரட்டும்.

எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, "இப்ப எல்லாமே பொம்பளைங்களுக்குத்தான், ஆம்பளைக்கு என்ன இருக்கு?" என்று பேசுகிறவர்களையும் கேட்கிறேன். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அதாவது அதிகபட்சம் 10,000 ரூபாய். இந்தச் சலுகை அநியாயம் என்று கொதிக்கிறவர், அதே வாரம் அக்காவிடம் 18 லட்சத்தை எழுதி வாங்கிக்கொண்டு போகிறார். அதைச் சலுகை என்று யாரும் சொல்வதில்லை, முறை என்கிறார்கள். ஆண்களுக்கும் குறைகள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். கடனும் பொறுப்பும் ஆண் தலையில் மட்டும் விழுவதும் இதே ஏற்பாட்டின் விளைவுதான். நிலத்தை ஒருவனிடமே கொடுத்தால், கடனும் அவனிடமேதான் நிற்கும்.

சட்டத்திலேயே இன்னும் மாறாத ஒன்று இருக்கிறது, அது பலருக்குத் தெரியவில்லை. ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய அம்மா முதல் வரிசை வாரிசு. ஒரு பெண், பிள்ளையும் புருஷனும் இல்லாமல் உயில் எழுதாமல் இறந்தால், அவள் தானே சம்பாதித்த சொத்து முதலில் புருஷனுடைய வாரிசுகளுக்குப் போகும். அவளைப் பெற்ற அப்பா அம்மா அதற்கு அப்புறம்தான். வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவு இது. நாராயணி தேவி என்று ஒருவர். கல்யாணமான மூன்று மாதத்தில் விதவையானார், புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டார். பெற்றவர்கள் வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். 1996இல் அவர் இறந்த பிறகு அந்தப் பணம் யாருக்கு என்று வழக்கு. அவரைத் துரத்திய வீட்டு ஆட்களுக்குத்தான், புருஷனுடைய அக்கா தங்கை பிள்ளைகளுக்குத்தான் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் அப்படி இருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்கிற மாதிரியான தீர்ப்பு. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் இப்போதெல்லாம் என்னிடம் வருகிற பெண்களிடம் இரண்டு விஷயம் சொல்கிறேன். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் பங்கின் வழிகாட்டி மதிப்பு என்ன என்று பாருங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே இருக்கிறது. பார்த்த பிறகும் கொடுக்க மனமிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். இரண்டாவது, உங்கள் பெயரில் ஒரு சென்ட் இடமோ பேங்கில் கொஞ்சம் பணமோ இருந்தால் உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இரண்டு சாட்சி முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் உங்கள் முன்னால் போட வேண்டும். யாருக்கு எழுதுகிறீர்களோ அவர்களைச் சாட்சியாக வைக்காதீர்கள். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது, உட்கார்ந்து பேசலாம்.