விருதுப் படிவத்தில் இல்லாத பத்தி

மார்ச் 6 நெருங்கினால் எங்கள் பார்மஸி கல்லூரியில் சிறந்த ஆசிரியர் விருதுக்கான படிவம் சுற்றுக்கு வரும். இந்திய மருந்தியல் கல்வியின் தந்தை என்று போற்றப்படும் மகாதேவ லால் ஷ்ராஃபின் பிறந்தநாள் அது. தேசிய மருந்தியல் கல்வி நாளாக அதைக் கொண்டாடுகிறோம். அவர் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் 1932இல் இந்தப் படிப்பைத் தொடங்கினார். பார்மஸி சட்டம் வந்ததோ 1948இல்தான். மருந்து கொடுப்பவர் படித்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதற்கு முன்பே பாடம் நடத்த வந்த மனிதர்! அவர் பெயரால் நடக்கும் விழாவில் நாம் எதை எண்ணி மதிப்பெண் போடுகிறோம் என்று பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

படிவம் கேட்பவை: ஆய்வுக் கட்டுரைகள், காப்புரிமைகள், பெற்ற நிதி, கலந்துகொண்ட கருத்தரங்குகள். தப்பில்லை, அவையும் வேண்டியவைதாம். ஆனால் எங்கள் துறையில் ஒரு மூத்த ஆசிரியை இருக்கிறார். அவருடைய படிவத்தில் பாதி காலியாகவே இருக்கும்.

அவர் மாணவர்களை வார்டுக்கு அழைத்துப் போகும்போது நானும் சில சமயம் கூடச் செல்வேன். மூட்டுவாத நோயாளிக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடுவார். அந்த நோய்க்கு அதை வாரத்தில் ஒருநாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். “வாரம் ஒன்று” என்று சீட்டில் இருந்தாலும், வீட்டில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் விழுங்கிவிடுவார்கள். அதனால் உறையின் மேல் “திங்கட்கிழமை மட்டும்” என்று கிழமையின் பெயரையே மாணவர் எழுத வேண்டும். பிறகு நோயாளியிடமே, “எப்போது சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள் அம்மா” என்று கேட்க வேண்டும். “புரிந்ததா?” என்று கேட்டால் அந்த மாணவருக்கு அன்று திட்டு உறுதி. அந்தக் கேள்விக்கு யார்தான் இல்லை என்பார்கள்?

இன்ஹேலரும் அப்படித்தான். மருந்தில்லாத மாதிரிக் கருவி ஒன்று அவர் பையில் எப்போதும் கிடக்கும். மாணவர் முதலில் தானே செய்து காட்ட வேண்டும். மூச்சை முழுவதும் வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். நான்காம் ஆண்டு மாணவர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அவரிடம் அதிகம் பிடித்தது, பக்கவிளைவு அறிக்கையில் அவர் காட்டும் பிடிவாதம். மருந்துகளின் பக்கவிளைவுகளைத் திரட்ட 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு இந்த அறிக்கையை அனுப்ப, மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். தோலில் தடிப்பு வந்த நோயாளியிடம், கடையில் தானாக வாங்கிச் சாப்பிட்ட வலி மாத்திரை வரை விசாரித்து எழுத வைப்பார். மருத்துவர்கள் சிலருக்கு இது எரிச்சல். அதை அவர் பொருட்படுத்துவதில்லை.

இந்த ஆண்டு படிவத்தில் “நோயாளிகளுக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் செய்த பணி” என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். “அதை எப்படி அளப்பது?” என்றது குழு. மாணவர்களோடு சேர்ந்து அனுப்பிய பக்கவிளைவு அறிக்கைகளை எண்ணலாம். மற்றதற்கு, அவரிடம் படித்துவிட்டு இன்று மருந்துக்கடைகளில் நிற்பவர்களை அழைத்து, என்ன கற்றீர்கள் என்று கேட்கலாம். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். பட்டியல் தயாரிக்கும் வேலையை நான் தொடங்கிவிட்டேன்.